பட்டியலில் இல்லாத பெயர்

ஸ்லோக்கன் ஆற்றங்கரை, கனடா
3 மார்ச் 1995

அன்புள்ள டெல்ஃபின் அக்காவுக்கு,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய் என்று பயம். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. குப்பையில் போட்டாலும் அரை மணி நேரத்தில் எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். கனடாவை விட்டுப் போ என்று எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் அமெரிக்கக் குடிமகனாம், ஆறு வருஷமாக இங்கே உரிமையில்லாமல் இருக்கிறேனாம். மே பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை.

நான் இங்கே எதற்கு இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ரோடு போட வந்த இயந்திரம் நம் முன்னோர்களின் எலும்புகளைத் தோண்டிப் போட்டது. அவற்றை எண் போட்ட அட்டைப்பெட்டிகளில் அடைத்து மியூசியத்தில் வைத்திருந்தார்கள். அலைந்து வாங்கிவந்து மறுபடியும் புதைத்தோம். அன்றிலிருந்து அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ட்ரெய்லரைப் போட்டுக் கிடக்கிறேன். புல் வெட்டுகிறேன், நெருப்பு மூட்டுகிறேன், வருகிறவர்களிடம் பேசுகிறேன். வேறொன்றும் பெரிதாகச் செய்யவில்லை. ஆனால் நான் போய்விட்டால் அடுத்த மாதமே யாராவது இங்கே வேலி போட்டுவிடுவான்.

எனக்கு உன்னிடமிருந்து ஒரு சாட்சிக் கடிதம் வேண்டும். குடும்பத்தில் மூத்தவள் நீ. அம்மா பிறந்தது இந்த ஆற்றங்கரையில், நாம் இந்த மண்ணின் பழங்குடி மக்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. ஒரே ஒரு வேண்டுகோள். அதில் ‘லேக்ஸ்’ என்று எழுதாதே. சினைக்ஸ்ட் என்று எழுது. அதுதான் நம் பெயர்.

அன்றைக்கு மண்டபத்தில் நடந்ததைப் பற்றியும் எழுத ஆரம்பித்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. இப்போதைக்கு விடு.

இங்கே இன்னும் பனி இருக்கிறது. பக்கத்து வீட்டு ருஷ்யக்கார அம்மாள் வாரம் இரண்டு தடவை பீட்ரூட் சூப் கொடுத்தனுப்புகிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் தம்பி
அம்ப்ரோஸ்


இன்சிலியம், வாஷிங்டன் மாநிலம்
14 மார்ச் 1995

அம்ப்ரோஸ்,

கடிதத்தை நான் குப்பையில் போடவில்லை. அடுப்பில் போட்டேன். பாதி எரிவதற்குள் எடுத்துவிட்டேன். அதனால் மே மாதம் என்பது தெரிகிறது, தேதியும் மணியும் தெரியவில்லை.

மண்டபத்தைப் பற்றி நீ எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். அம்மா போய் ஒரு வருஷம் முடிந்து கல் நட்ட நாள். இருநூறு பேருக்கு மூஸ் மான் கறியும் பொரித்த ரொட்டியும் போட்டு நிமிர்ந்தேன். அம்மாவின் போர்வைகளையும் பாசிமணிகளையும் உறவுக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நீ எழுந்து மைக்கை வாங்கினாய். ஏதோ நன்றி சொல்லப் போகிறாய் என்று நானும் கரண்டியைக் கீழே வைத்தேன். நீ என்ன சொன்னாய்?

“லேக்ஸ் லேக்ஸ்னு சொல்றீங்களே, அது ஏரிகளப் பாத்து வெள்ளக்காரன் போட்ட பேரு. எங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் அவ பேரே தெரியாமப் போச்சு.”

அம்மாவின் கல்லில் மண் காயவில்லை, அம்ப்ரோஸ். அவளுடைய அண்ணன் முறை சிரில் மாமா தட்டை வைத்துவிட்டு வெளியே போனார். எண்பது வயது மனுஷர், பாதிச் சாப்பாட்டில். அம்மா தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் லேக்ஸ் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டாள். நம் பழங்குடி அட்டையில் அதுதான் இருக்கிறது. அரசாங்கம் ஒதுக்கிய இந்த ரிசர்வேஷன் நிலத்தில் பன்னிரண்டு கூட்டத்தார் இருக்கிறோம். நீ யார் என்று கேட்டால் லேக்ஸ் என்கிறேன், கேட்டவருக்குப் புரிகிறது. இதில் என்ன குறைந்துவிட்டது?

உன்னுடைய அந்தப் பெயரை உன் நீளமுடி வெள்ளைக்காரச் சிநேகிதர்கள் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள். போன கோடையில் ஒருத்தி பெட்ரோல் பங்க்கில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

“அம்மா, நீங்க சினைக்ஸ்டா?”

“இல்லம்மா, நான் ஸ்கூல்ல சமையல்காரி” என்றேன்.

நீயும் அதைச் சொல்லும்போது வாயில் சூடான உருளைக்கிழங்கு மாட்டிக்கொண்டவன் மாதிரி சொல்லுகிறாய். அது தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டிய சொல். பெயரை நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் நமக்கு இல்லை. கேட்டால், யார் பிள்ளை, எந்தத் தண்ணீர்க்காரர் என்று சொல்லுவோம். அவ்வளவுதான்.

ஆனாலும் நீ என் தம்பி. உன்னை யாரோ கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறான் என்றால் நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். தள்ளுவதாக இருந்தால் நான்தான் தள்ளுவேன். பள்ளிக்கூட டைப்பிஸ்டிடம் சொல்லி இரண்டு பக்கம் அடிக்கச் செய்தேன். நம் ரிசர்வேஷன் அலுவலகத்தில் முத்திரையும் வாங்கினேன். உனக்கு அனுப்பினால் நீ அதைத் திருத்துவாய். அதனால் நேராக அந்தக் கனடாக்காரர்களுக்கே தபாலில் போட்டுவிட்டேன். லேக்ஸ் என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்.

நன்றியெல்லாம் வேண்டாம்.

டெல்ஃபின்


ஸ்லோக்கன் ஆற்றங்கரை
2 ஏப்ரல் 1995

அக்கா,

உன் கடிதம் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேராமலே இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை குடியேற்ற அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சின்ன வயது அதிகாரி. கெட்டவன் இல்லை, காப்பி கொடுத்தான். மேஜைமேல் உன் கடிதம் இருந்தது.

“உங்க அக்கா ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க சார். ஆனா இந்த லேக்ஸ் கூட்டம் எங்க பழங்குடிப் பட்டியல்ல முடிஞ்சுபோச்சு.”

“முடிஞ்சுபோச்சுன்னா?”

“அம்பத்தாறுலயே மூடிட்டாங்க. பதிவுல கடைசியா இருந்த ஒரு அம்மா செத்துட்டாங்க. இனிமே ஆளே இல்லைன்னு எழுதியிருக்கு.”

“நான் உக்காந்திருக்கேனே தம்பி.”

“அது எனக்குத் தெரியுது சார். பேப்பருக்குத் தெரியல.”

சரி, சினைக்ஸ்ட் என்று பாருங்கள் என்றேன். பொறுமையாகத்தான் பார்த்தான். இரண்டு கோப்பு புரட்டினான். அப்படி ஒரு பெயர் பட்டியலில் இருந்ததே இல்லை என்றான்.

புரிகிறதா? உன் பெயரில் நாம் செத்துவிட்டோம். என் பெயரில் நாம் பிறக்கவே இல்லை.

இதைவிட மோசம், உன் கடிதத்தை இப்போது அவர்கள் எனக்கு எதிராக வைத்துக்கொண்டார்கள். இவர் லேக்ஸ் என்று குடும்பத்தின் மூத்தவரே முத்திரையோடு சொல்கிறார், லேக்ஸ் என்று யாரும் கிடையாது, ஆகவே இவர் யாரோ. ஏழு இடத்தில் எழுதினாயே, மகராசி! ஒரு இடத்திலாவது நான் கேட்டபடி எழுதியிருக்கக் கூடாதா?

கோபமாக எழுதிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தொடர்கிறேன். நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய். அது எனக்குத் தெரியும்.

ஒன்று சொல்லட்டுமா? அந்தப் பெயரின் அர்த்தத்தை நான் நாற்பத்துநான்கு வயதில் இங்கே வந்து ஒரு புத்தகத்தில்தான் படித்தேன். இந்த ஆறுகளில் பெரிய தலையும் வெளிர்ப் புள்ளியுமாக ஒரு ட்ரவுட் மீன் இருக்கிறதே, தண்ணீர் கொஞ்சம் சூடானாலும் தாங்காதே, அது வாழும் இடத்துக்காரர்கள் என்று போட்டிருந்தது. படித்துவிட்டு நேராக ஆற்றில் போய் நின்றேன். முழங்கால் வரை தண்ணீர், பல் கிட்டுகிறது, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த மீனைக்கூட ரொம்ப நாள் வேறொரு மீனின் பெயரில்தான் கணக்கில் வைத்திருந்தார்களாம். எழுபத்தெட்டில்தான் இது வேறு சாதி என்று ஒத்துக்கொண்டார்கள். ஒரு மீனுக்கே அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

அப்போதுதான் அம்மாமேல் கோபம் வந்தது. நம் வீட்டில் இதை ஒருநாளாவது சொன்னாளா? அவளுக்கே தெரியாது என்று நினைத்தேன். மண்டபத்தில் அப்படிப் பேசியது அதனால்தான். சரியென்று சொல்லவில்லை.

பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். கட்டுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. இந்த இடத்தை யாரிடம் விட்டுப்போவது என்பதுதான் தெரியவில்லை.

அம்ப்ரோஸ்


இன்சிலியம்
11 ஏப்ரல் 1995

தம்பி,

செத்துப்போன டெல்ஃபின் எழுதிக்கொள்வது.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அடுப்பிலிருந்த பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது. என்ன ஆச்சு என்று எல்லாரும் கேட்டார்கள், சொன்னேன். மதியம் வரிசையில் நின்ற வாத்தியார்கூடத் தட்டை நீட்டி, “செத்துப்போன அக்கா, இன்னொரு கரண்டி போடுங்க” என்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பின்பக்கம் ஸ்டோர் ரூமில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தேன். அம்பத்தாறில் எனக்கு இருபத்துமூன்று வயது, கையில் குழந்தை. அந்தக் குழந்தைக்கு நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது யாரோ எங்கேயோ எங்களைக் கோடு போட்டு அடித்திருக்கிறான்.

இனி உன்னிடம் மறைத்துப் பயனில்லை. மண்டபத்தில் உன் கன்னத்தில் அறைந்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். அறையவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியும். எனக்கும் தெரியும். எனக்கு ஒன்பது வயது ஆகும்வரை வீட்டில் வேறு பெயரே சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால், நாற்பத்திரண்டு ஆகஸ்டில், அப்பாவின் பழைய ஃபோர்டு காரில் கூடாரத்தையும் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு ஹக்கிள்பெரிப் பழம் பறிக்க வடக்கே போனோம். வருஷா வருஷம் போகிற வழிதான். எல்லையில் அந்த வருஷம் ஒரு புது ஆள். அப்பாவுக்கு இங்கிலீஷ் தடுமாறும். அம்மாதான் இறங்கிப் பேசினாள். நான் பின் சீட்டில் கூடைகளுக்கு நடுவில் இருந்தேன்.

“யார் நீங்க?” என்றான். அம்மா தலையை நிமிர்த்திப் பெயரைச் சொன்னாள். தொண்டையிலிருந்து, முழுசாக. அவன் சிரித்தான். அம்மா சொன்ன மாதிரியே வாயைக் கோணிக்கொண்டு சொல்லிக்காட்டினான். உள்ளேயிருந்த இன்னொருவனையும் கூப்பிட்டு, “இன்னொரு தடவ சொல்லும்மா, இவனும் கேக்கட்டும்” என்றான். அம்மா சொல்லவில்லை. அப்படி யாரும் இந்தப் பக்கம் கிடையாது, திரும்பிப் போ என்றார்கள்.

காலிக் கூடைகளோடு திரும்பினோம். வீட்டில் கூடைகளை இறக்கும்போது அம்மா அப்பாவிடம் சொன்னாள்: “அது அந்த எடத்தோட பேரு. எடத்துக்கே போக முடியாதவ அந்தப் பேரை வச்சுக்கிட்டு என்ன பண்ண?” அதோடு சரி. மறுநாளிலிருந்து லேக்ஸ். நீ பிறந்தபோது அவள் அதைச் சொல்வதை நிறுத்தி மூன்று வருஷம். உனக்கு எப்படித் தெரியும்?

அவளுக்குத் தெரியாது என்று நீ மைக்கில் சொன்னபோது, இதைச் சொல்லித்தான் உன் வாயை அடைத்திருக்க வேண்டும். ஆனால் அம்மா அவமானப்பட்டதை இருநூறு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வருஷமாக மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயரை நான் ஐம்பத்துமூன்று வருஷமாகச் சொல்லவில்லை. அந்த எல்லையையும் தாண்டவில்லை. நீ எத்தனை தடவை கூப்பிட்டாய், முட்டிவலி என்றேன், பிக்கப் லாரி சரியில்லை என்றேன். உண்மை இதுதான்.

பெட்டியைப் பிரி. விசாரணை எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று மறுபடி எழுது. நானே வருகிறேன். கடிதத்தைப் பார்த்துச் செத்துவிட்டாள் என்றால், ஆளைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். எல்லை வரை கட்டாயம் வருவேன். அதற்குமேல் என் கால் என்ன சொல்கிறதோ தெரியவில்லை.

அக்கா


ஸ்லோக்கன் ஆற்றங்கரை
24 ஏப்ரல் 1995

அக்கா,

பத்து நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துபோகிறேன்.

அம்மாவிடம் இனி நான் மன்னிப்புக் கேட்க முடியாது. உன்னிடம் கேட்கிறேன். சிரில் மாமாவுக்குத் தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன். அவர் படிக்காவிட்டாலும் நீ படித்துக் காட்டு.

மே பதினாறு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. உன் அட்டையையும் அம்மாவின் ஞானஸ்நானச் சீட்டையும் கொண்டு வா. எல்லையில் எத்தனை நாள் தங்குவாய் என்று கேட்பான். இரண்டு நாள் என்று மட்டும் சொல். வேடிக்கை பேசாதே, அக்கா. அவர்களுக்குச் சிரிப்பு வராது. மூஸ் கறி கொண்டுவராதே, பிடுங்கிக்கொள்வார்கள்.

கால் வரவில்லை என்றால் வர வேண்டாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். வா.

அந்தப் பெயரை நீ சொல்லி ஒரு தடவை கேட்க வேண்டும்.

அம்ப்ரோஸ்


இன்சிலியம்
20 மே 1995

அம்ப்ரோஸ்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஏன் நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தாய் என்று அந்த வராந்தாவில் கேட்டாய். அத்தனை பேர் முன்னால் சொல்லத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதல் படகிலேயே லாரியோடு நம் ஊர் ஆற்றைத் தாண்டிவிட்டேன். ஏழரைக்கெல்லாம் எல்லைக்கு வந்தாயிற்று. எனக்கு முன்னால் நாலு வண்டி. மூன்று வண்டி போனது. நான் லாரியைத் திருப்பிவிட்டேன். ஆமாம், திருப்பிவிட்டேன். ஒரு மைல் தெற்கே போய் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறுபத்திரண்டு வயதுக் கிழவி, அன்றைக்குப் பின் சீட்டில் இருந்த பிள்ளை மாதிரி. பிறகு உன்மேல் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு எந்த வேலையும் ஓடும். திரும்பவும் போனேன்.

ஜன்னலில் ஒரு பெண். நம் பேத்தி வயசு.

“எதுக்குப் போறீங்கம்மா?”

“செத்துப்போனவங்க சார்பா சாட்சி சொல்லப் போறேன்.”

வேடிக்கை பேசாதே என்று நீ எழுதியிருந்தாய், வாய் கேட்கவில்லை. உள்ளே வரச் சொல்லிவிட்டாள். முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு பெரிய அதிகாரி வந்து, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நீங்க எந்த ஜனம்?” என்று கேட்டார்.

லேக்ஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. வந்தது அது இல்லை. அம்மா சொன்ன மாதிரி, முழுசாக வந்தது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு வருஷம் தொண்டையில் எங்கே இருந்ததோ!

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் பேனாவை எடுத்து, “மன்னிக்கணும்மா, இன்னொரு தடவ சொல்லுங்க, எழுதிக்கணும்” என்றார். மூன்று தடவை சொன்னேன். கடைசியில் வேர்த்துப்போய்ப் பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டார். எனக்கும் எழுதத் தெரியாது! நான் அதை எழுதிப் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் முத்திரையைக் குத்தி, போய்ட்டு வாங்க என்றார்.

லாரியில் ஏறிய பிறகுதான் அழுதேன். அதில்தான் இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று.

விசாரணையில் நான் பேசும்போது நீ ஏன் தலையைக் குனிந்துகொண்டாய்? நான் என்ன தப்பாகவா பேசினேன்? முடிவு வந்ததும் எழுது. நல்லதோ கெட்டதோ, உடனே எழுது.

அக்கா


ஸ்லோக்கன் ஆற்றங்கரை
9 ஜூலை 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நீ தப்பாக ஒன்றும் பேசவில்லை. என் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று குனிந்துகொண்டேன்.

முடிவு வந்துவிட்டது. அடுத்த வருஷம் மேல்விசாரணை முடியும்வரை என்னை யாரும் வெளியேற்றக் கூடாது. ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. பட்டியலை அவர்கள் இன்னும் திறக்கவில்லை. ஆனால் அன்று பேசியதை எல்லாம் டைப் அடித்து எனக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறார்கள். எந்தப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டார்களே, அதற்கு நீ சொன்ன பதில் அப்படியே இருக்கிறது. நீயே படித்துப் பார்:

“ரெண்டையும் எழுதுங்கய்யா. ஒண்ணு எங்கம்மா குளிருக்குப் போட்டுக்கிட்ட கோட்டு. அதைத் தப்பு சொன்னா எனக்குக் கோவம் வரும், அந்தக் கோட்டாலதான் நாங்க பொழச்சோம். இன்னொண்ணு உள்ள இருக்கிற ஒடம்பு. நீங்க ஆணியில தொங்குற கோட்டைப் பாத்துட்டு, ஆள் செத்துட்டாங்கன்னு எழுதிட்டீங்க. ஒடம்பு இதோ நிக்குது. காலையில ரெண்டு முட்ட சாப்பிட்டுட்டு வந்திருக்கு.”

முட்டையைக்கூட விடாமல் அடித்திருக்கிறார்கள். இனி அரசாங்கக் காகிதத்தில் நாம் முட்டை சாப்பிட்டதற்குச் சாட்சி இருக்கிறது.

சரி, இப்போது வேறொரு விஷயம். நீ அந்தச் சமையலறையில் என்னதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய்? வெள்ளிக்கிழமை மதியம் ஒரு நீலக் கார் வந்தது. ஐந்து பேர். யார் என்று கேட்டேன். “டெல்ஃபின் போனாங்க, திருப்பி அனுப்பலையாமே. நாங்களும் போய்ப் பாக்கலாம்னு வந்தோம்” என்றார்கள். சாயங்காலம் இரண்டு லாரி. சனிக்கிழமை சிரில் மாமாவே வந்து இறங்கினார், மூன்று பேத்திகளோடு. என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆற்றங்கரை வரை கோலை ஊன்றிக்கொண்டு போனார், குனிந்து தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, “என்னடா நிக்கிற, சாப்பாட்டுக்கு என்ன வச்சிருக்க?” என்றார். அவ்வளவுதான். ருஷ்யக்கார அம்மாளின் சூப் முதல் நாளே தீர்ந்துவிட்டது.

பேத்திகள் அந்தப் பெயரைச் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். என்னைவிட நன்றாக வருகிறது. விசாரணை முடிந்து இங்கே வந்தபோது நீ ஆற்றங்கரையில் நின்று எனக்குச் சொல்லிக்காட்டியதை நான் தினமும் சொல்லிப் பார்க்கிறேன். உருளைக்கிழங்கு கொஞ்சம் ஆறியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்று காலை நிலவரம்: ட்ரெய்லருக்குள் ஒன்பது பேர், லாரிகளில் ஆறு பேர், என் கட்டிலில் சிரில் மாமா. நான் வெளியே புல்லில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு குடும்பம் கிளம்பியிருப்பதாகக் கேள்வி.

அக்கா, செத்துப்போனவர்களுக்கு இங்கே இடம் போதவில்லை. அடுத்த வாரம் வருகிறவர்களைக் கூடாரத்தோடு வரச் சொல்.

உன் தம்பி
அம்ப்ரோஸ்